பொய் சொன்னால் குற்றவாளியா?

அன்புள்ள கயல்,

செட்டிகுளத்தில் பட்டறை போட்டு வைத்திருந்த விதை வெங்காயம் ஓர் இரவில் களவு போகிறது என்று வைத்துக்கொள். இருட்டில் அந்தப் பக்கம் போன ஒருவனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் வண்டியில் வெங்காயச் சருகு. விசாரித்தால், "நான் பாடாலூரில் இருந்தேன்" என்று பொய் சொல்கிறான். "இதற்கு மேல் என்ன சித்தப்பா வேண்டும்?" என்பாய்.

நிறைய வேண்டும். சருகையே எடு. உங்கள் ஊரில் யார் வண்டியில் வெங்காயச் சருகு இல்லை? திருடியவனுக்கும் திருடாதவனுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது சாட்சியமே ஆகாது.

இப்படி நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைகளை வைத்து நிரூபிப்பதுதான் சந்தர்ப்ப சாட்சியம். அதற்கு இன்றும் வக்கீல்கள் முதலில் எடுப்பது 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சரத் பிர்திசந்த் சர்தா வழக்குத் தீர்ப்பைத்தான். கல்யாணமான நாலு மாதத்தில், புனேயில், ஓர் இளம்பெண் சயனைடு விஷத்தால் இறந்தாள். கணவனுக்கு செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றத்தில் அவன் விடுதலையானான். அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம் தமிழ்நாட்டு ஏ. வரதராஜன். அந்தப் பெண் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களில் அவள் பட்ட வேதனை தெரிந்தது. அவளே விஷம் குடித்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அரசுத் தரப்பால் போக்க முடியவில்லை.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஃபசல் அலி ஐந்து விதிகளைத் தொகுத்தார். ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிரூபணமாக வேண்டும். 'செய்திருக்கலாம்' போதாது, 'செய்தே இருக்க வேண்டும்' என்று நிற்க வேண்டும். எல்லாம் அவன் குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும், அதுவும் உறுதியாக. வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. சட்டப் பரீட்சைக்கு இவற்றை மனப்பாடம் செய்வாய், தெரியும். நீ நிதானமாகப் படிக்க வேண்டியது அதே தீர்ப்பில் பொய்யைப் பற்றி வரும் பகுதி.

சங்கிலி ஏற்கெனவே முழுதாக இருந்தால்தான் குற்றம்சாட்டப்பட்டவனின் பொய் இன்னொரு கண்ணியாகச் சேரும். அறுந்த இடத்தை ஒட்டவைக்க அது உதவாது. நியாயம்தானே? போலீஸைக் கண்டு பயந்தவனும் பொய் சொல்வான், வீட்டுக்குத் தெரியாமல் சீட்டாடப் போனவனும் சொல்வான்.

பொய்யைப் போலவே, விளக்கம் சொல்லாததும் விட்டுப்போன கண்ணியை நிரப்பாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 106) ஒருவன் தனக்கு மட்டுமே தெரிந்ததை அவனே விளக்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டி அரசுத் தரப்பு தன் சுமையை இறக்கிவைக்கப் பார்க்கும். முதலில் அவர்கள் அடிப்படையை நிரூபிக்கட்டும். பிறகுதான் குற்றம்சாட்டப்பட்டவன் வாய் திறக்க வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா