அகப்பெயரும் புறப்பெயரும்: கணினிப் பிணையத்தில் பெயர் மயக்கம்

தேசிய நெடுஞ்சாலை 381 அவிநாசியையும் அவிநாசிபாளையத்தையும் திருப்பூர் வழியாக இணைக்கிறது. இரு முனைகளிலும் ஒரே சொல் நிற்பினும், 'பாளையம்' என்னும் பொதுச்சொல் ஊர்களைப் பிரித்துக் காட்டுகிறது. கணினிப் பிணையத்தில் இத்தகைய வேறுபாட்டுக்கூறு இல்லாதபோது மயக்கம் தோன்றுகிறது.

இவ்வட்டாரப் பின்னலாடை நிறுவனமொன்று தன் உட்பிணையத்திற்கும், வெளிநாட்டுக் கொள்முதலாளர் காணும் இணையதளத்திற்கும் ஒரே பெயரைச் சூட்டியதாகக் கொள்வோம். ஆலைக்குள் ஒருவர் அப்பெயரைத் தட்டச்சு செய்தால், வினா உள்ளிருக்கும் பெயர் வழங்கிக்கே செல்லும். அப்பெயருக்குத் தானே உரிமையுடையது எனக் கொள்ளும் அவ்வழங்கி, தன் பட்டியலில் இல்லாததை 'இல்லை' என்றே விடையிறுக்கும், வெளியே வினவாது. உலகோர் காணும் தளம் உரியவர்க்கே புலப்படாது போகும்.

வெளித்தளத்தின் எண்முகவரியை உள்வழங்கியிலும் பதிவது உடனடித் தீர்வு. ஆயின் தளம் இடம் மாறுந்தோறும் இரு பட்டியல்களையும் திருத்தியாக வேண்டும். பெயரிலேயே வேறுபடுத்துவதே தக்கது. 'சாரைப்பாம்பு' முதலிய இருபெயரொட்டுகளில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்பதுபோலவே, இணையப் பெயரிலும் சிறப்புக்கூறு இடப்புறம் நிற்கும். ஆகவே உட்பிணையத்தை நிறுவும்போதே, நிறுவனப் பெயரின் முன் 'ஆலை' போன்றதொரு சொல்லையும் புள்ளியையும் சேர்த்தல் போதும். பின்னர் மாற்றுதல் அரிது.

மனம்போன ஈறுகளைப் புனைவதும் தீங்கே. அவை பின்னாளில் பொதுவழக்கிற்கு வரக்கூடும். இது கருதியே ஐகான் அமைப்பு 2018இல் '.கார்ப்', '.ஹோம்', '.மெயில்' ஆகியவற்றை எவர்க்கும் வழங்காது நிறுத்தியது, 2024இல் '.இன்டர்னல்' என்பதை உள்வழக்கிற்கென ஒதுக்கியது. தமிழ் எழுத்திலோ 2007இல் சோதனைக்காக '.பரிட்சை' (குறில் இகரத்துடன்!) என்னும் ஈறு வந்தது, உள்வழக்கிற்கென ஒன்றும் ஒதுக்கப்படவில்லை.