காதைத் திருகும் கூட்டாளி: ஏடிஏ பற்றிய நான்கு நம்பிக்கைகள்

அமெரிக்க அரசியலில் ஒருவரை 'தீவிர தாராளவாதி' என்று குத்திக்காட்ட எதிரணியினர் நெடுங்காலம் கையில் எடுத்தது ஓர் எண்: அவருடைய ஏடிஏ மதிப்பெண். அதைப் போடும் அமைப்பு, 1947 ஜனவரியில் வாஷிங்டனில் தொடங்கிய 'அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்'. எலினார் ரூஸ்வெல்ட், வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், பின்னாளில் இந்தியாவுக்குத் தூதராக வந்த பொருளியல் அறிஞர் கால்பிரைத் ஆகியோர் நிறுவனர்களில் சிலர்.

நம்பிக்கை: இது கம்யூனிஸ்டுகளின் முகமூடி.

உண்மை: கம்யூனிஸ்டுகளைச் சேர்ப்பதில்லை என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. 1948இல் சோவியத் ஒன்றியத்தோடு இணக்கம் வேண்டும் என்று தனிக்கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்ற ஹென்றி வாலஸை ஏடிஏ கடுமையாக எதிர்த்தது.

நம்பிக்கை: ஜனநாயகக் கட்சிக்கு ஜால்ரா போடுவதே இதன் வேலை.

உண்மை: எதிர்க்கட்சியைப் போலவே சொந்தக் கூட்டாளிகளோடும் மல்லுக்கட்டியது. 1948இல் அதிபர் ட்ரூமனை ஓரங்கட்டிவிட்டு ஐசனோவரை நிறுத்தலாமா என்று பார்த்தது. அவரோ பிறகு குடியரசுக் கட்சி சார்பில் அதிபரானார்! 1968இல் வியட்நாம் போரை முன்னிட்டு, பதவியில் இருந்த அதிபர் ஜான்சனை விட்டு, போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியை ஆதரித்தது. கோபமுற்ற தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் விலகினார்கள்.

நம்பிக்கை: வெறும் வாய்ச்சொல் வீரர்கள்.

உண்மை: 1948 ஜூலையில் ஃபிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. கறுப்பின மக்களின் உரிமை பற்றிப் பட்டும் படாமல் ஒரு தீர்மானம் போதும் என்றது தலைமை. ஏடிஏயின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான 37 வயது மினியாபொலிஸ் மேயர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி மேடையேறி, வாக்குரிமை, வேலை, உயிர்ப் பாதுகாப்பு, ராணுவத்தில் சம மரியாதை என நான்கையும் வெளிப்படையாக எழுதச் சொன்னார். வாக்கெடுப்பில் 651½க்கு 582½ என்று வென்றார். மிசிசிப்பி பிரதிநிதிகளும் அலபாமாக்காரர்களில் பாதிப்பேரும் வெளிநடப்புச் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள், ராணுவத்தில் எல்லா இனத்தவரும் சமம் என்று ஆணையிட்டார் ட்ரூமன். நவம்பர் அதிபர் தேர்தலில் அவரே வென்றார்.

நம்பிக்கை: மதிப்பெண் சரிந்தால் கொள்கை சரிந்தது என்று அர்த்தம்.

உண்மை: ஆண்டுக்கு நாடாளுமன்றத்தின் 20 முக்கிய வாக்கெடுப்புகளைப் பொறுக்கியெடுத்து, ஏடிஏ நிலைப்பாட்டின்படி வாக்களித்த உறுப்பினருக்கு ஒன்றுக்கு 5 மதிப்பெண் வீதம் போடுவது வழக்கம். சபைக்கு வராதவருக்கும் அந்த வாக்கெடுப்பில் சுழியம்தான். நான்கு முறை எதிர்த்து வாக்களித்தவருக்கும் 80. காய்ச்சலில் படுத்து நான்கு முறை வராமல் போனவருக்கும் 80. அதனால் இந்த எண்ணைக் காட்டி யாராவது ஒருவரை எடைபோட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்த வருஷம் அவர் எத்தனை நாள் லீவு?