சலக்கடுப்பும் குளிசையும்

மலசலகூடம் தூரமென்று பகல் முழுதும் தண்ணீர் குடியாமல், சலத்தை அடக்கி, இருட்டும்வரை காத்திருக்கும் தாய்மார் உங்களில் பலர். குற்றம் அவர்களிலல்ல, அந்தத் தூரத்தில். ஆனால் பெண்களின் சலக்குழாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். கிருமி இலகுவில் சலப்பையை எட்டிவிடும். அடிக்கடி சலம் போனால்தான் அது கழுவுப்படும். சலம் வெளிர்மஞ்சளாகப் போகுமளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

கடுப்பு வந்தால் அயலில் மிஞ்சிய குளிசையை வாங்கி விழுங்காதீர்கள். அது வேறொருவரின் நோய்க்குக் கொடுத்தது. வைத்தியசாலை உறையில் பெயர், அளவு, நேரம் பார்த்து எடுங்கள். எரிவு நின்றாலும் சொன்ன நாள்வரை நிறுத்தவேண்டாம். கர்ப்பமென்றாலோ, முன்பு ஏதும் மருந்து ஒத்துவராவிட்டாலோ முதலிலேயே சொல்லுங்கள். நடுக்கக் காய்ச்சலும் விலாநோவும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.