மீந்த விதைநெல்

அன்புள்ள செல்விக்கு,

நவரைப் பருவத்துக்கு வாங்கிய சிவப்பு விதைநெல்லில் நாலு கிலோ மீந்துவிட்டது. அலசி அரைத்துக்கொள்ளலாமா, கோழிக்காவது போடலாமா என்று அக்கா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டாம். முதலில் அந்தப் பையை அடுக்களையிலிருந்து வெளியே எடு.

அந்தச் சிவப்பு, சாயம். குலைநோய், செம்புள்ளி நோய்ப் பூசணங்கள் விதையோடு ஒட்டிக்கொண்டே நாற்றங்காலுக்கு வந்துவிடும். உன் ஒரகடம் கம்பெனியில் தகடு துருப்பிடிக்கும் முன்பே ப்ரைமர் அடிக்கிறார்களே, அதுபோல முளைக்கும் முன்பே விதைக்குக் கார்பென்டாசிம் மாதிரி மருந்து பூசுகிறார்கள். கிலோவுக்கு 2 கிராம் போதும். மருந்து ஏறிய விதை என்று பார்த்ததும் தெரியத்தான் சாயம் சேர்ப்பது. அலசினால் சாயம் போகும். மருந்து போனதாக அர்த்தமில்லை.

சாயம் போனால் மருந்தும் போய்விடும் என்று நம்பித்தான் இராக்கில் ஏமாந்தார்கள். 1971இல் மெத்தில் பாதரசம் பூசிய விதைக்கோதுமை அங்கே வந்து இறங்கியது. பல ஊர்களில் விதைப்பு முடிந்த பிறகே வந்தது. மூட்டையில் இருந்த எச்சரிக்கை அங்குள்ள விவசாயிகளுக்குப் புரியாத மொழியில் இருந்தது. சாயத்தைக் கழுவினார்கள். சிலர் கோழிக்குப் போட்டுச் சில நாள் பார்த்தார்கள். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி சுட்டுக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். பாதரசம் பல வாரங்கள் கழித்தே வேலையைக் காட்டியது: கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை போனது. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். இறந்தவர்கள் 459 பேர்.

உன் பையில் இருப்பது பாதரசம் இல்லை, பயப்படாதே. ஆனாலும் மருந்து பூசிய விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்று பையிலேயே அச்சிட வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டு விதை விதிகளின் கட்டளை. பையைத் திருப்பிப் பார்.

நெல்லை வீணாக்க வேண்டாம். ஈரம் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்தால் சொர்ணவாரிப் பருவத்துக்கு ஆகும். அப்போது ஈரச்சாக்கில் 100 நெல்லை முளைக்கப்போடு; 80 முளைத்தால் நல்ல விதை. கையுறை போட்டே அள்ளு. எதுவானாலும் ஏரியில் மட்டும் கொட்டாதே.

அடுத்த போகத்துக்கு மருந்து பூசாத விதை வாங்குங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸைத் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு ஊறவைத்து, வடித்து முளைகட்டினால் போதும். அது உயிருள்ள பாக்டீரியா; பூசணமருந்து ஏறிய விதையில் அதைக் கலக்காதே. சந்தேகம் வந்தால் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேள்.

இன்று ஷிப்ட் முடிந்து போனதும் கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு நெல்லும் சிந்தவில்லையே என்று பார்த்துவிடு.

அன்புடன்,
மாமா