பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம்: ஜமாஅத் யோசிக்க வேண்டியவை

பிள்ளைகள் வேன் ஏறி வெளியூர் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியதும், நம் முன்னோர் அரும்பாடுபட்டுக் கட்டிய தொடக்கப் பள்ளிகள் சில ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஜமாஅத் கூட்டத்தில் இதற்கு வரும் முதல் யோசனை பெரும்பாலும் கல்யாண மண்டபம் அல்லது குடோன் வாடகைதான். வருமானம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பேசுமுன் பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியாக இருந்தால் முடிவு அரசின் கையில். நாம் மனுதான் கொடுக்கலாம். டிரஸ்ட் இடமென்றால் டிரஸ்ட் பத்திரத்தில் உள்ள நோக்கம் கட்டுப்படுத்தும். வக்ஃப் இடமென்றால் பொறுப்பு இன்னும் கனமானது. கைபரில் கிடைத்த நிலத்தை ஹழ்ரத் உமர் (ரலி) வக்ஃப் செய்தபோது, அதை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசாகப் பெறவோ கூடாது என்றும், விளைச்சல் ஏழைகள், உறவினர், வழிப்போக்கர் முதலியோருக்குப் போக வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள். வாகிஃபின் நிபந்தனையை முத்தவல்லியோ கூட்டமோ விருப்பப்படி மாற்ற முடியாது என்பது ஃபிக்ஹு நூல்களில் அழுத்தமாகச் சொல்லப்படுவது.

நம் நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. 1995 வக்ஃப் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஒரு வக்ஃபின் நோக்கம் நின்றுபோனால் அதன் வருமானத்தை அதற்கு நெருங்கிய நோக்கத்துக்கோ, ஏழைகளுக்கோ, சமுதாயத்தின் கல்விக்கோ திருப்பிவிட வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. படிப்புக்காகக் கொடுத்த இடம் படிப்பின் பக்கத்திலேயே நிற்கட்டும் என்பதே இதன் கருத்து. குடோன் அந்தப் பக்கத்தில் இல்லை.

பள்ளி மூடியதால் இழந்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். வேன் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் இழக்கவில்லை. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும், தூரம் என்பதால் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுமே இழந்தார்கள். ஆகவே மாலை நேரப் படிப்பகம், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுப் பயிற்சி, பெண்களுக்கான தையல், கணினி வகுப்பு ஆகியவற்றுக்கே முதல் உரிமை. அந்தப் பெண்களிடமும் கேட்காமல் மஷூரா முழுமையாகாது.

ஜப்பானில் பிள்ளைகள் குறைந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. அங்கே கல்வி அமைச்சகம் 2010 முதல், காலிப் பள்ளிகளின் விவரத்தை வெளியிட்டு இடம் தேடுவோரோடு இணைத்துவைக்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லம், தொழிற்கூடம் என்று பலவாக அவை மாறியுள்ளன. முரோட்டோ என்னும் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி 2018இல் மீன் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது ஆமைகள் நீந்துகின்றன!

எந்த முடிவானாலும் கட்டடத்தைப் பொறியாளர் பார்த்து உறுதிச் சான்று தரும்வரை யாரையும் உள்ளே அமர்த்த வேண்டாம். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. கூரை, மின்கம்பி, இரண்டாவது வாசல், கழிவறை ஆகிய நான்கையும் சரிசெய்ய என்ன செலவாகும் என்று எழுதி வாங்கிய பிறகே நன்கொடை வசூலைத் தொடங்கலாம்.