கோமாளி அயிரையும் நம் கண்ணாடித் தொட்டியும்



சில மாதங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் பள்ளிக்கு வந்தான். அவன் தந்தை இரவுச் சந்தையில் அழகிய சிறுமீன் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். ஆரஞ்சு நிற உடல். அதன்மேல் மூன்று கறுப்புப் பட்டைகள். மறுநாள் காலை அம்மீன் தொட்டியின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இறந்துவிட்டதென எண்ணிய வீட்டார் அதனை வாளியில் அள்ளி வாய்க்காலில் ஊற்றினர். நீரில் விழுந்ததும் அது துள்ளி நீந்தி மறைந்ததாம். "செத்த மீன் எப்படி ஐயா நீந்தும்?" என்று கேட்டான் அவன்.

அம்மீன் சாகவில்லை, உறங்கிக் கொண்டிருந்தது. பக்கவாட்டில் படுத்து உறங்குவது அதன் இயல்பு. வளர்க்கும் உயிரின் இயல்பை அறியாமல் வளர்ப்பது எத்தகைய தவறுக்கு இடமளிக்கிறது, பாருங்கள்! ஆகவே, அம்மீனைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

பெயரும் பிறப்பிடமும்

ஆங்கிலத்தில் 'கிளவுன் லோச்' எனப்படும் இதனை நாம் 'கோமாளி அயிரை' எனலாம். கடலில் வாழும் கோமாளி மீன் வேறு, இது வேறு. தமிழகத்து ஆறுகளில் மணலோடு மணலாய்க் கிடக்கும் அயிரையை நம் பாட்டிமார் அறிவர். மதுரைப் பக்கத்து அயிரைக் குழம்பின் சுவையை அறியாதார் உண்டோ? அந்த அயிரைக்கு இது தூரத்து உறவு. உறவின் அடையாளமாக இதற்கும் வாயோரத்தில் மீசை உண்டு.

இதன் தாயகம் நமக்கு அயல்வீடு போன்றது. மலாக்கா நீரிணையைக் கடந்தால் சுமத்திரா. அங்குள்ள மூசி, பத்தாங்ஹாரி ஆறுகளிலும் போர்னியோத் தீவின் ஆறுகளிலும் இது வாழ்கிறது. பத்தேவியாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1852-இல் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

மழைக்காலத்தில் தாய்மீன்கள் ஆற்றை எதிர்த்து மேலேறி முட்டையிடுகின்றன. மூங்கில் குழாய்களை நீரில் இட்டு, அவற்றுள் ஒளிந்துகொள்ளும் குஞ்சுகளை மீனவர் பிடிக்கின்றனர். ஜாவாவின் டெப்போக் ஆய்வு நிலையத்தில் ஊசிமூலம் ஹார்மோன் ஏற்றிக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை உருவாக்கப்பட்டுள்ளது. எனினும் வீட்டுத் தொட்டியில் இது இனம் பெருக்குவது மிக அரிது. ஆகையால் நம் கவனக்குறைவால் மாளும் மீனுக்கு ஈடாக, ஆற்றிலிருந்து வேறொரு குஞ்சு பிடிபட நேரலாம்.

சிறுமீன் சிறிதாகவே இராது

கடையில் விரல் நீளமே இருக்கும் இம்மீன், ஆண்டுகள் செல்லச் செல்ல 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். நன்கு பேணினால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று முதலாம் ஆண்டு மாணவன் வாங்கும் மீன், அவன் வேலைக்குச் செல்லும் நாளிலும் உயிரோடிருக்கும்!

மேலும், இது கூட்டமாக வாழும் மீன். தனியே விட்டால் அஞ்சி ஒடுங்கும். குறைந்தது ஐந்து மீன்களேனும் வேண்டும். குஞ்சுகளுக்கு 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி போதும். பெருக்கிப் பாருங்கள்: 243,000 கன சென்டிமீட்டர், அதாவது 243 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தண்ணீர் மட்டுமே 243 கிலோ! ஆட்டங்காணும் மேசை அதைத் தாங்காது. மீன்கள் வளர்ந்தபின் 400 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி தேவைப்படும்.

அடியில் மெல்லிய மணலைப் பரப்புக. ஒளிந்துகொள்ளக் கூர்மையற்ற குழாய்களையும் மரக்கட்டைகளையும் வைத்திடுக. துள்ளும் மீனாதலால் மூடி கட்டாயம் வேண்டும்.

மீனுக்குமுன் தண்ணீர்

மீன் வளர்ப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது தண்ணீரைத்தான். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல் வடிகட்டியை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை உணவை நீரில் இட்டு வருக.

குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது மீனின் செவுளையும் நல்ல நுண்ணுயிர்களையும் கெடுக்கும். எனவே கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பின்னரே அந்நீரைத் தொட்டியில் ஊற்றுக. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அலசுக.

25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது. நம் நாட்டு வெப்பநிலை பெரும்பாலும் பொருந்தும். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் தொட்டியை வைத்தல் கூடாது. மூழ்கும் உணவை அந்தி நேரத்தில் இடுக. சிறு நத்தைகளை இம்மீன் விரும்பி உண்ணும்.

நோயும் நஞ்சும்

உடலில் உப்புத்தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். கோமாளி அயிரையை இஃது எளிதில் பற்றும். ஓர் ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். அது மீனிலிருந்து கழன்று, அடியில் தங்கி, நூற்றுக்கணக்காகப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். அவ்வாறு நீந்தும் பருவத்தில்தான் மருந்து அதனைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த பின்னும் சில நாள்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும். வெப்பத்தைப் படிப்படியாக 30 பாகைக்கு உயர்த்திக் காற்றோட்டத்தை மிகுதிப்படுத்துக. இம்மீன் மருந்தை அதிகம் தாங்காது. பாதியளவே போதுமா என விவரம் அறிந்தவரிடம் கேட்டறிக. புதிய மீனை 3 அல்லது 4 வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்ப்பது நன்று.

இதன் கண்ணுக்குக்கீழ் ஒளிந்திருக்கும் முள் உண்டு. அச்சத்தில் அதனை நீட்டும். வலையில் சிக்கிக் காயப்படும். வலைக்குப் பதிலாகக் கிண்ணத்தால் அள்ளுக.

தோட்டத்து அன்பர்கள் இன்னொன்றையும் மனத்திற்கொள்க. களைக்கொல்லி இருந்த டின்னை எத்துணைக் கழுவினாலும் மீன்நீருக்குப் பயன்படுத்தலாகாது. டிங்கிக் கொசுவை ஒழிக்கப் புகையடிக்கும்போது தொட்டியை நன்கு மூடிக் காற்றுப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்துக. இல்லையேல் பம்பே நஞ்சினை நீருக்குள் செலுத்திவிடும்.

விடைபெறுமுன்

இத்துணை இடமும் பொறுப்பும் நம் வீட்டில் இல்லையெனின் வருந்த வேண்டா. கப்பி போன்ற சிறுமீன்களைப் பேணலாம். வளர்க்க முடியாத மீனை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுதல் கூடாது. அது மீனுக்கும் தீங்கு, ஆற்றுக்கும் தீங்கு. கடைக்காரரிடமோ வளர்க்க வல்லாரிடமோ ஒப்படைப்பதே முறை.

அந்த மாணவன் இப்போது மீன் வாங்கவில்லை. தொட்டியில் தண்ணீரை மட்டும் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, வாரங்களை எண்ணிக் கொண்டிருக்கிறான். அவனே நல்ல மீன் வளர்ப்பாளன் ஆவான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிந்தனைக்கு

1. புதிய தொட்டியில் உடனே மீன் விடலாகாது. ஏன்?
2. 100 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?
3. புள்ளி மறைந்தபின்னும் மருந்தைத் தொடர்வது ஏன்?