சரிவு நிலத்தில் மாட்டுக்கொட்டில்: அத்திவாரமும் மரச்சட்டகமும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்குக் கறவை மாடு சிறந்த துணைச் செல்வமாகும். வீட்டுக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் அதனாற் கிடைக்கின்றன. எனினும், மாடு வாங்குவதிற் காட்டும் கவனத்தைக் கொட்டில் கட்டுவதிற் பலர் காட்டுவதில்லை. நான்கைந்து கம்புகளை மண்ணில் நட்டுத் தகரத்தை மேலே பரப்பிவிடுகின்றனர். இரண்டொரு மழைக்காலம் கழிவதற்குள் கம்புகளின் அடி உளுத்துக் கொட்டில் சாய்ந்துவிடுகின்றது.

சரிவு நிலத்திலோ இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. கொட்டிலுக்கு இடங்காண்பதற்காக லயனின் பின்னுள்ள மண்ணை வெட்டினால், ஆபத்து மாட்டோடு நின்றுவிடாது; லயனில் உறங்கும் குழந்தைகளையும் அது சேரும். ஆகவே, இரண்டு மாடுகளுக்கான சிறு கொட்டிலை எவ்விடத்தில், எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை இங்கு விளக்குவோம்.

மண்ணின் இயல்பு

சபரகமுவையின் மலைச்சாரல்களிற் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மழைநீர் மண்ணினுள் இறங்கும்போது மண்ணின் பாரம் கூடுகின்றது. மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமையோ குறைகின்றது. சரிவின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டால், மேலுள்ள மண்ணைத் தாங்கும் முட்டும் போய்விடும். இவை ஒன்றுசேரும்போது மண் சரிகின்றது.

2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவிலும் தோட்டக் குடியிருப்பின்மீது மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. இத்தகைய பெருஞ்சரிவை எந்த அத்திவாரமும் தடுத்து நிறுத்தமாட்டாது. ஆதலால் நல்ல அத்திவாரம் என்பது நல்ல இடத்தைத் தெரிவதிலேயே தொடங்குகின்றது.

இடந்தெரிதல்

1. லயனுக்கு மேலேயுள்ள சரிவையோ, அதன் கீழ் விளிம்பையோ வெட்டாதீர்கள். இயற்கையாகவே சமமாயுள்ள பக்கத்து நிலத்தைத் தெரிந்துகொள்க.

2. மண்ணை வெட்டியே ஆகவேண்டுமாயின் வெட்டு 3 அடி உயரத்துக்கு மேற்படலாகாது. வெட்டிய முகத்துக்கும் கொட்டிலுக்கும் இடையே அவ்வுயரத்தின் அளவாவது இடம் விடுக.

3. நீர் கசியும் இடம், நிலத்தில் வெடிப்புள்ள இடம், மரங்கள் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்கும் இடம் ஆகியவற்றை விலக்குக.

4. தோட்ட நிருவாகத்தின் அனுமதியை முன்னரே பெறுக. மண்சரிவு அபாயம் பற்றி ஐயமிருப்பின், கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை நாடுக.

வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும்

சரிவிலே தளம் அமைக்கும்போது மேற்பக்கத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்புவது வழக்கம். பார்வைக்குத் தளம் ஒரே மட்டமாய்த் தோன்றினும், அதன் ஒரு பாதி உறுதியானது, மறுபாதி தளர்ந்தது. மழை பெய்ய நிரப்பிய மண் அமிழும். வெட்டிய மண் அமிழாது. ஒரே கொட்டிலின் தூண்களிற் சில கீழிறங்கிச் சில அசையாது நிற்பதால் மரச்சட்டகம் முறுகிப் பொருத்துகள் விட்டுப்போகின்றன. ஆகவே, கீழ்ப்பக்கத்துத் தூண்களுக்கான குழிகளை, நிரப்பிய மண் முழுவதையும் ஊடறுத்துப் பழைய நிலத்தில் இறங்கும்வரை தோண்டுதல் வேண்டும். மலையிலிருந்து உருண்டு வந்து மண்ணிற் புதைந்த பாறாங்கல்லைக் கண்டு, 'பாறை கிடைத்தது' என மகிழ்ந்து அதன்மீது தூணை நிறுத்தாதீர்கள். அடிமண் கரைந்தால் அக்கல்லும் நகரும்.

அத்திவாரம் எதற்காக?

10 அடி நீளமும் 8 அடி அகலமும் உடைய கொட்டில் இரண்டு மாடுகளுக்குப் போதுமானது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண்கள் நிறுத்துக. கூரை நாற்புறமும் 2 அடி வெளியே நீண்டிருந்தால் அதன் பரப்பு 168 சதுர அடியாகும். தகரமும் மரமும் சேர்ந்து சதுர அடிக்கு 5 இறாத்தல் எனக் கொண்டால் மொத்தப் பாரம் 840 இறாத்தல். தூணொன்றுக்கு 140 இறாத்தல் மாத்திரமே. உறுதியான மண்ணில் ஒரு சதுர அடியே 1,500 இறாத்தலைத் தாங்கவல்லது. எனவே கூரையின் பாரம் ஒரு பொருட்டன்று.

காற்றே கவனிக்கத்தக்கது. சுவரில்லாத கொட்டிலினுட் புகும் காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும். பலத்த காற்று சதுர அடிக்கு 15 இறாத்தல் வீதம் தூக்குவதாகக் கொள்வோம். அப்போது தூணொன்றுக்கு 420 இறாத்தல் மேல்நோக்கி இழுக்கப்படும். கூரையின் சொந்தப் பாரமான 140 ஐக் கழித்தால் 280 இறாத்தல் எஞ்சும். இந்த இழுப்பை மறுத்து நிற்பதே அத்திவாரத்தின் முதல் வேலை. இலேசான கொட்டிலுக்கு அத்திவாரம் தாங்குவதற்காக மட்டுமன்று, பிடித்துவைப்பதற்காகவும் ஆகும்.

அத்திவாரம் இடும் முறை

ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரமாக 2 அடி ஆழக் குழி தோண்டுக. நிரப்பிய மண்ணாயின், பழைய நிலத்துக்குட் செல்லும் ஆழமே கணக்காகும். அடியில் 6 அங்குலக் கனத்துக்குக் கொங்கிறீற்று இடுக: சீமெந்து 1 பங்கு, மணல் 3 பங்கு, சல்லிக்கல் 6 பங்கு. அதன்மேல் 1 அடிச் சதுரமான பீடத்தை 1 : 2 : 4 கலவையால், தரைக்கு மேல் 1 அடி உயரும்வரை எழுப்புக. இவ்வாறமைந்த பீடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 இறாத்தல் இருக்கும். 280 இறாத்தல் இழுப்புக்கு இது போதும்.

கலவை இறுகுமுன் இரண்டு பட்டை இரும்புகளைப் பீடத்தின் நடுவே ஓரடி ஆழம் புதைத்து நிமிர்த்தி வைக்க. தூணை அவற்றின் இடையில் நிறுத்தி, இரண்டு மரையாணிகளால் (போல்ட்) இறுக்குதல் வேண்டும். ஏழு நாட்கள் பீடத்தை ஈரச்சாக்கினால் மூடி நனைத்துவருக.

மரம் மண்ணைத் தொடாததால் உளுத்தல் குறையும். கறையான் பீடத்தின்மீது மண்குழாய் கட்டியே ஏறவேண்டுமாதலால் அதனை எளிதிற் கண்டு தட்டிவிடலாம்.

மரமும் சட்டகமும்

தூணுக்குப் பலா மரம் சிறந்தது. எனினும் பலா மரத்தை வெட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி பெறுதல் அவசியம். சவுக்கு, அல்பீசியா ஆகியன நிலத்தைத் தொடாத கூரைப் பாகங்களுக்கே ஏற்றவை. இறப்பர் மரம் பதப்படுத்தப்படாவிடின் பூஞ்சணத்துக்கும் துளைக்கும் வண்டுக்கும் விரைவில் இரையாகும். போரன் மருந்தினாற் பதப்படுத்திய இறப்பர்ப் பலகையும் மழையில் நனைய நனைய மருந்தை இழக்கும். ஆதலால் அதனை நனையாத இடத்திலேயே பயன்படுத்துக.

தூண்கள் 4 அங்குலச் சதுரமும், அவற்றின் தலைமீது செல்லும் வளைகள் 4 × 3 அங்குலமும், கைமரங்கள் 4 × 2 அங்குலமும் இருத்தல் நன்று. பின்வருவனவற்றை மறவாதீர்கள்:

1. நான்கு மூலைச் சட்டத்தைத் தள்ளினால் அது கோணிச் சாயும். முக்கோணச் சட்டம் சாயாது. ஆகவே ஒவ்வொரு மூலைத் தூணிலிருந்தும் வளைக்கு இருதிசையிலும் சாய்முட்டு கொடுக்க.

2. மேலிருந்து அடித்த ஆணி, காற்று மேலே இழுக்கும்போது கழன்றுவிடும். கைமரத்தை வளையோடும் வளையைத் தூணோடும் பட்டை இரும்பினாற் கட்டுக. ஓரிடத்திற் கட்டுத் தளர்ந்தாலும் கீழுள்ள பீடத்தின் வலிமை பயன்படாது போகும்.

3. தகரத்தின் நெளிகளில் மேட்டிலேயே வாசர் வைத்து ஆணி அறைக. பள்ளத்தில் அறைந்தால் நீர் ஒழுகும். காற்று முதலிற் பற்றும் ஓரங்களில் ஆணிகளை நெருக்கமாக அறைக.

நீர் வழி

கொட்டிலின் மேற்பக்கத்தில் ஓரடி ஆழக் கான் வெட்டி, அதன் நீரைத் தோட்டத்தின் கல் பதித்த கானிற் சேர்க்க. வெறுஞ்சரிவில் விடலாகாது. தரையை 4 அடிக்கு ஓர் அங்குலம் சாய்வாக அமைத்தால் கோமயமும் கழுவுநீரும் தேங்கமாட்டா. எருக்குழியை வெட்டுமுகத்தின் மேல்விளிம்பிலோ லயனுக்கு மேலேயோ தோண்டாதீர்கள். மழைநீர் அதில் நிரம்பி மண்ணினுட் கசியும். குழிக்கு மேல் சிறு கூரை இட்டால் எருவின் சத்தும் வீணாகாது.

காலமும் கவனமும்

மழை குறைந்த தை, மாசி மாதங்களே வேலைக்கு ஏற்றவை. வைகாசி மழைக்கு முன் கானைத் துப்புரவு செய்து, மரையாணிகளை இறுக்கிப் பார்க்க.

நேரான பக்கங்களையுடைய வெற்றுத் தகரப் பேணி ஒன்றை வெளியில் வைத்தால் மழையை நீங்களே அளக்கலாம். ஒரு நாளில் 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர், நிரம்பி மழையும் தொடருமாயின் விழிப்பாயிருங்கள். நிலத்திற் புதிய வெடிப்பு, சேறாய் மாறிய ஊற்று, திடீரென வற்றிய ஊற்று ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் மாட்டை அவிழ்த்துவிட்டு, குடும்பத்தோடு உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. கொட்டிலை மீண்டும் கட்டலாம். உயிரை மீட்க இயலாது.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக. குழி தோண்டுமுன் இடத்தைக் காட்டி ஆலோசனை கேட்பதே சிறந்தது.